பின்சீட்டுக்கு அடியில் ஒரு மூச்சு

ஐம்பத்தைந்து வயதில் ஆரோக்கியதாஸ் மெக்கானிக் வேலை கற்க வந்தபோது திண்டுக்கல் பட்டறையே கேலி செய்தது. பட்டறையை நடத்தும் ரஹமத்து மட்டும் சிரிக்கவில்லை. அவள் அவரைவிடப் பதினைந்து வயது இளையவள். இறந்துபோன மகன் சகாயத்தின் காரில் வேறு யாரும் கை வைக்கக் கூடாதென்றுதான் அவர் வந்திருக்கிறார் என்பது அவளுக்குத் தெரியும்.

அன்று மத்தியானம் அந்தக் காரிலேயே வந்தார். கண்கள் சிவந்திருந்தன. இறங்கியதும் சுவரோரம் போய் வாந்தி எடுத்தார்.

"என்னண்ணே ஆச்சு?"

"மேஸ்திரியம்மா, சகாயம் காருக்குள்ளதான் இருக்கான்."

அவள் காருக்குள் எட்டிப் பார்த்தாள்.

"இன்ஜின் ஓடுறப்ப பின்சீட்டுக்கு அடியில மூச்சு விடுறான். தினமும் வீட்டுக் கார் ஷெட்டுல உக்காந்து கேக்குறேன்."

"ஷட்டரைச் சாத்திக்கிட்டா?"

"தெரு இரைச்சல்ல அவன் சத்தம் கேக்காதே."

"மூடின ஷெட்டுல வண்டிப் புகை ஆளைக் கொன்னுரும்ணே."

"கொல்லட்டும். அவன்கூடத்தானே இருப்பேன்."

மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். ரஹமத்து இன்ஜினை ஓடவிட்டுப் பின்சீட்டருகே காது வைத்தாள். கேட்டது. ஈரமான, மெல்லிய மூச்சு. எத்தனையோ வண்டிகளைப் பிரித்துப் போட்டவளுக்கே உடம்பு சிலிர்த்துவிட்டது.

இன்ஜினை நிறுத்திப் பானெட்டைத் திறந்தாள்; பெட்ரோல் வரும் குழாயில் ஒரு பிரஷர் மீட்டரை மாட்டி மறுபடி ஓடவிட்டாள். பெட்ரோலின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் டப்பாவிலிருந்து டேங்குக்குப் போகும் ரப்பர் குழாயைக் குறடால் இறுக்கினாள்.

மூச்சு நின்றது.

"ஐயோ, விடு தாயி! அவனுக்கு மூச்சு முட்டுது!"

"குழாயைத் தொட்டுப் பாருங்க."

தொட்டார். குழாய் புடைத்துக் கல்லாகியிருந்தது. பிரஷர் மீட்டரின் முள் ஏறிக்கொண்டே போனது. இன்ஜின் திணறிக் கரும்புகை கக்கியது. குழாயைப் பிடித்திருந்த கிளிப்பின் ஓரத்தில் ஒரு சொட்டு பெட்ரோல் கசிந்தது.

"தீப்பிடிச்சுரும்மா! விட்டுரு!"

குறடை எடுத்தாள். முள் இறங்கியது. பின்சீட்டுக்கு அடியில் மறுபடி மூச்சு கேட்டது. ஆரோக்கியதாஸ் அழுதுகொண்டே சிரித்தார்.

"கேக்குதா? வந்துட்டான்!"

"பம்பு தள்ளுறது அத்தனையும் இன்ஜினுக்கு வேணாம்ணே. இந்த டப்பாக்குள்ள ஒரு ஸ்பிரிங் இருக்கு. பிரஷர் மிஞ்சினா வழிவிட்டு, மீதி பெட்ரோலைப் பின்சீட்டுக்கு அடியில இருக்குற டேங்குக்கே அனுப்பிரும்."

"அப்ப நான் இத்தனை நாளா கேட்டது?"

"வர்ற சத்தம் இல்லண்ணே. திரும்பிப் போற சத்தம்."

அவர் பின்சீட்டருகே குனிந்து கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு முன்னால் வந்து, தானே சாவியைத் திருப்பி இன்ஜினை நிறுத்தினார்.