பூனை வால் நிமிர்ந்த கதை

பூனைகளுக்கும் வாய்ப்பேச்சு இருந்த அந்தக் காலத்தில், அவை காட்டில்தான் இருந்தன. எந்தப் பூனைக்கும் வால் தரையைப் பார்த்தே தொங்கும்.

மலையடிவாரத்தில் பவளாயி என்றொருத்தி, கணவன் நாச்சிமுத்துவோடு குடியிருந்தாள். ஓர் அடைமழை நாளில் சாம்பல் நிறப் பூனை ஒன்று, நிறைவயிறு தரையைத் தட்ட, அவள் வாசலில் வந்து நின்றது.

"அக்கா, எனக்கு இன்னைக்கோ நாளைக்கோன்னு இருக்குது. புதரெல்லாம் தண்ணி. ஒரு மூலை குடுப்பியா?"

"உள்ள வா கண்ணு. சாமி உன்னைய இங்கதான் அனுப்பியிருக்குது" என்றாள் பவளாயி.

நெல் குதிருக்குப் பின்னால், காற்றும் வெளிச்சமும் அடிக்காத இடத்தில் அகலக் கூடையை வைத்து, பழஞ்சேலையை மடித்துப் போட்டாள். பொழுது சாய்வதற்குள் நான்கு குட்டிகள் பிறந்தன.

பவளாயி உடனே போய்த் தொட்டுவிடவில்லை. அவளும் பிள்ளை பெற்றவள்தானே. தள்ளி நின்றே பார்த்தாள். தாய்க்கு எட்டும் தூரத்தில் தண்ணீரும், கறிச்சாறு ஊற்றிப் பிசைந்த சோறும் வைத்தாள். ஈரமான சேலையை எடுத்துவிட்டு உலர்ந்ததைப் போட்டாள். மூன்றாம் நாள் பூனையே கூப்பிட்டது.

"அக்கா, இந்தக் கடைக்குட்டிய மத்ததெல்லாம் முட்டித் தள்ளுது. நீ கொஞ்சம் பாரு."

கடைக்குட்டிக்குப் பின்னங்கால் ஒன்று சூம்பியிருந்தது. பவளாயி அதை மடியில் போட்டுச் சூடேற்றி, வேளை தவறாமல் தாயின் மடிக்காம்பில் சேர்த்துவிட்டாள்.

நாச்சிமுத்து பார்த்துக்கொண்டே இருந்தான். "எனக்குக் காய்ச்சல் வந்தப்பகூட இத்தனை தடவை எட்டிப் பாக்கலையே நீ?"

"நீங்க நாலு பெத்துட்டு வாங்க, பாக்கறேன்" என்றாள் பவளாயி.

குட்டிகள் கண் திறந்து, கூடையை விட்டு இறங்கி ஓடத் தொடங்கியபோது காட்டிலிருந்து ஒரு கடுவன் பூனை வேலியோரம் வந்தது.

"வெள்ளிக்கிழமை காலையில நம்ம கூட்டம் கூடற பாறைக்கு வந்துரு. முறை தெரியுமில்ல?"

பூனைக்குத் தெரியும். குட்டி பெற்றவள் பிள்ளைகளோடு கூட்டத்தின் முன்னால் நடந்து காட்ட வேண்டும். தலை நிமிர்ந்து வந்தால் வளர்ப்பு சரி. தலை குனிந்தால் ஏதோ குறை என்று சொல்லிப் பிள்ளைகளைக் கூட்டம் பிடுங்கிக்கொள்ளும். நடக்க முடியாத குட்டியைத் தரையில் வைத்தாலோ, அது பருந்துக்கு இரை.

"மனுசி வீட்டுச் சோறு தின்னவ எங்க தலை நிமிர்றது!" என்று கடுவன் சிரித்துவிட்டுப் போயிற்று.

பூனை இந்த முறையைச் சொல்லக் கேட்டதிலிருந்து பவளாயிக்குச் சோறு இறங்கவில்லை. "கண்ணு, கடைக்குட்டிய எங்கிட்ட விட்டுட்டுப் போ. மத்த மூணும் நல்லா நடக்குது. நீ தலை நிமிந்து போயிட்டு வந்துரலாம்."

பூனை அவளை நேராகப் பார்த்தது. "நாலு பெத்தேன் அக்கா. மூணைக் காட்டிட்டு ஒண்ணை ஒளிச்சு வெச்சா, எந்த மூஞ்சிய வெச்சுட்டு நான் நிமிர்றது?"

வெள்ளிக்கிழமை காலை, கடைக்குட்டியின் பிடரியை வாயில் கவ்விக்கொண்டு பூனை கிளம்பியது. மூன்றும் பின்னால் ஓடின. மனிதர் பாறைக்குப் போகக்கூடாது. பவளாயி காட்டு விளிம்பில் ஒரு மரத்தின் பின்னால் நின்று, முந்தானையை இரு கையாலும் பிடித்துக்கொண்டு, "சாமி, சாமி" என்று முணுமுணுத்தாள்.

பூனை பாறையில் ஏறியது. நன்றாகப் பால் குடித்து வளர்ந்த குட்டி. அதன் கனத்தில் தாயின் தலை தாழ்ந்துவிட்டது.

"குனிஞ்சுட்டா! குனிஞ்சுட்டா!" என்று கூட்டம் கத்தியது. கடுவன் முன்னங்காலை நீட்டிக்கொண்டு மூன்று குட்டிகளின் பக்கம் நகர்ந்தது.

பூனை பதில் சொல்ல வாயைத் திறந்தால் குட்டி கீழே விழும். நிமிரப் பார்த்தது, கழுத்து வரவில்லை. உள்ளே இருந்த பெருமையோ அடங்க மாட்டேன் என்றது. தலையில் ஏற வழியில்லாமல் அது முதுகு வழியே ஓடி, வாலில் போய் ஏறியது. காடு தோன்றிய நாளிலிருந்து தொங்கிக் கிடந்த வால், கோயில் கொடிமரம்போல நெட்டுக்குத்தாக எழுந்து நின்றது.

பின்னால் வந்த மூன்று குட்டிகளும் அம்மாவைப் பார்த்தன. விரல் நீளம்கூட இல்லாத மூன்று வால்கள் சடசடவென்று நிமிர்ந்தன.

கடுவன் நகர்வதை நிறுத்தியது. கூட்டத்துக்கு மூத்த பெட்டைப் பூனை வெகுநேரம் பார்த்துவிட்டுச் சொன்னது: "தலைய இழுக்கறது புள்ளையோட கனம்டா. அவ நிமிந்துதான் நிக்கறா. வழிய விடு."

பூனை திரும்பி நேராகப் பவளாயியிடம் வந்தது. கடைக்குட்டியை அவள் பாதத்தில் வைத்தது. வாய் ஒழிந்த பின்னும் வாலை இறக்கவில்லை.

"போதும் கண்ணு, இறக்கு, வலிக்கப் போவுது" என்றாள் பவளாயி. கண்ணைத் துடைத்துக்கொண்ட அவளும் அன்று கொஞ்சம் நிமிர்ந்துதான் நடந்தாள். பூனை காட்டுக்குத் திரும்பாமல் நான்கு குட்டிகளோடும் அவள் வீட்டிலேயே தங்கிவிட்டது.

அன்று முதல்தான், காட்டுப்பூனையின் வால் தொங்கியே கிடக்க, வீட்டுப்பூனை மட்டும் தன் குட்டிகளைப் பேணிய வீட்டுக்காரியைக் கண்டதும் வாலை நெட்டுக்குத்தாக நிமிர்த்திக்கொண்டு வருகிறது.