குளத்தைக் குடித்த கரும்பு

குளத்துக்குள்ளேயே கரும்பு நட்ட புத்திசாலி, அந்தத் தாலுகாவிலேயே உலகநாதப் பண்ணையார் ஒருத்தர்தான். கோடையில் குளத்துக்குக் கீழே அவர் நெல் வாடியது. மடை திறக்கும் கொம்பையாவைக் கூப்பிட்டார்.

“ஏலே, பொழுது சாயுமுன்ன என் வயலுக்குத் தண்ணி வரணும். வராட்டா மடைவேலை உனக்கில்ல.”

அந்த வேலைக்கு ஊர் தரும் கதிர்க்கட்டுதான் கொம்பையா வீட்டுச் சோறு. அவன் ஒரு கட்டுக் கரும்பை வெட்டிவந்து வாடிய வயல் வரப்பில் அவர் முன்னே போட்டான்.

“குளத்துத் தண்ணியெல்லாம் இதுக்குள்ள ஏறிட்டு, எசமான். பிழிஞ்சா நெல்லுக்குப் பாயும்.”

ஊர் கைகொட்டிச் சிரித்தது. பண்ணையார் வண்டியேறினார். கொம்பையாவின் வேலை பிழைத்தது. திறந்துவிடத்தான் தண்ணீர் இல்லை.

குளத்தை அவர் உழுத அன்று, அவர் ஊற்றிய பாயசத்தை வாங்கிக் குடித்து வாய்மூடியிருந்த ஊர்தான் அது. கொம்பையா இரண்டு தரம் வாங்கினான்.

சிரித்து ஓய்ந்ததும் ஆளுக்கொரு கரும்பை மென்றார்கள். நல்ல இனிப்பு. சக்கையைத் துப்பிவிட்டு, அவரவர் காய்ந்த வயலைப் பார்க்கப் போனார்கள்.