சாவ்சோவில் பதினைந்து நிமிடம்

அங்கமுத்து நல்ல மனிதர். தொல்லையே அங்கேதான் ஆரம்பிக்கிறது.

திருச்சியில் ரயில்வே கன்ட்ரோல் அறையில் முப்பத்துநாலு வருஷம் வேலை பார்த்தார். கட்டம் போட்ட பெரிய காகிதத்தில் குறுக்கே மணி, நெடுக்கே ஸ்டேஷன். ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு சாய்கோடு. எதை எங்கே ஒதுக்குவது, எதை முன்னால் விடுவது என்று போனில் சொல்லிக்கொண்டே கோடு இழுக்கிற வேலை. எத்தனையோ ஆயிரம் வண்டிகளை அனுப்பிவைத்திருக்கிறார். ஓய்வு பெற்றும் கை சும்மா இருக்கவில்லை. பேத்தியின் காதுகுத்துக்கே சார்ட் போட்டவர் அவர்.

அவருடைய குரு மெய்யம்மை. பொன்மலைக்குப் பின்புறம் ஓட்டு வீட்டில் இருந்தார். சீடருக்கு வயது அறுபத்துமூன்று, குருவுக்கு நாற்பத்துநாலு. சீடர் குருவை 'அம்மா' என்பார். குரு சீடரை 'கன்ட்ரோலர் ஐயா' என்பார். இருவருக்கும் இதில் சங்கடம் இருந்ததாகத் தெரியவில்லை.

ஒரு திங்கட்கிழமை காலை அங்கமுத்து கக்கத்தில் காகிதச் சுருளோடு வந்தார். குரு கொல்லைப்புறத்தில் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். அங்கமுத்து சுருளைத் தரையில் விரித்தார். சுருட்டிக்கொள்ளாமல் இருக்க வெங்காயத் தட்டையே எடுத்து ஓரத்தில் வைத்தார்.

"இதுல என்ன தப்புன்னு சொல்லுங்கம்மா."

"என்ன இது?"

"சாவ்சோ."

குரு நிமிர்ந்து பார்த்தார்.

"ஊரும்மா. சீனாவுல, தெக்குப் பக்கம். கோலாலம்பூர் வழியா குவாங்சோ, அங்கேர்ந்து புல்லட் ரயில். நம்ம ஊர்லேர்ந்து போறவங்க பீஜிங் போவாங்க, ஷாங்காய் போவாங்க. இங்க யாரும் போறதில்ல."

"நீங்க ஏன் போறீங்க?"

"வீட்டுல கேட்டா."

வீட்டில் என்றால் தையல்நாயகி. கல்யாணமாகி முப்பத்தெட்டு வருஷத்தில் அந்த அம்மாள் வாய் திறந்து ஓர் ஊருக்குப் போகவேண்டும் என்று கேட்டது இதுதான் முதல் தடவை. போனில் ஏதோ படம் பார்த்திருக்கிறார். சாவ்சோவில் ஒரு டீக்கடை. நாலு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், ஆனால் மூன்றே கிண்ணம். அந்த ஊர் வழக்கம் அப்படியாம். எத்தனை பேர் வந்தாலும் மூன்று கிண்ணத்தில்தான் ஊற்றுவார்கள். நீங்க எடுத்துக்குங்க, இல்லை நீங்க எடுத்துக்குங்க என்று ஒருவர் பக்கம் ஒருவர் நகர்த்துவார்கள். பிறகு கிண்ணத்தை வெந்நீரில் அலசி மறுபடி ஊற்றுவார்கள்.

"அதைப் பார்த்துட்டு அவ ரொம்ப நேரம் சிரிச்சாம்மா. நாம இங்க போலாமாங்கன்னு கேட்டா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"கடை எந்தத் தெருவுலன்னு குறிச்சுக்கிட்டேன்."

குரு இன்னொரு வெங்காயத்தை எடுத்தார்.

அங்கமுத்து சார்ட்டை விளக்கினார். நாலு நாள். அடித்துப்பிடித்து ஓடுகிற பயணம் இல்லை, அதை மூன்று தடவை சொன்னார். தையல்நாயகிக்கு முழங்கால் வலி உண்டு என்பதால் லிஃப்ட் உள்ள விடுதி. தினமும் மதியம் இரண்டு பத்திலிருந்து மூன்று ஐந்து வரை ஓய்வு. ஒவ்வொன்றுக்கும் நடுவே இருபது நிமிடம் கையிருப்பு. 'நான் மாமிசம் சாப்பிடுவதில்லை' என்று சீன எழுத்தில் எழுதிய அட்டை, நனையாமல் இருக்க பிளாஸ்டிக் உறையில். நடுவில் படகுகளைக் கோத்துக் கட்டிய பழைய பாலம், மரச்சிற்பம் செதுக்கிய பெரிய வீடு, ஒரு கோயில். இரண்டாம் நாள் பதினொன்று நாற்பதிலிருந்து பதினொன்று ஐம்பத்தைந்து வரை டீ.

"நல்லாத்தானே இருக்கு" என்றார் குரு.

"அப்படித்தாம்மா நானும் நெனச்சேன். நேத்து ரெண்டு மணி நேரம் உக்காரவெச்சு எடுத்துச் சொன்னேன். கடைசி வரைக்கும் கேட்டுட்டு, எனக்கு வேண்டாங்க, நீங்க மட்டும் போங்கன்னுட்டா. செடிக்குத் தண்ணி ஊத்தப் போயிட்டா."

"கோபமா?"

"கோபம்னாகூடப் பரவால்லயே. ராத்திரி எப்பவும் போலத் தோசை சுட்டுப் போட்டா, பேசுனா. விசா பாரத்துல மட்டும் கையெழுத்துப் போட மாட்டேங்கறா."

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு டிராவல்ஸ்காரர் வந்து பாரத்தை வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். இப்போது விட்டால் விட்டதுதான். தை மாதம் புனேயில் இருக்கும் மகளுக்கு இரண்டாவது பிரசவம். அங்கே போனால் தையல்நாயகி திரும்பி வர ஒரு வருஷம் ஆகும். அதற்குள் முழங்கால் என்ன கதியில் இருக்குமோ. கேட்ட ஒரே ஒன்றைக்கூடச் செய்துகொடுக்க முடியாத ஆளாகிவிடுவோமோ என்று அங்கமுத்துவுக்குப் பயமாக இருந்தது. அதை அவர் குருவிடமே சொல்லிவிட்டார். கண்கூட லேசாகக் கலங்கியது.

குரு எழுந்து உள்ளே போனார். பால் காயும் வாசனை வந்தது. திரும்பி வந்தவர் கையில் ஒரே ஒரு டம்ளர் டீ. அதை இருவருக்கும் நடுவில் வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

அங்கமுத்து டம்ளரைக் குரு பக்கம் நகர்த்தினார்.

"நீங்க குடிங்கம்மா."

"உங்களுக்கு?"

"எனக்கு வேண்டாம்."

குரு டம்ளரை எடுத்தார். ஊதி ஊதி, நிதானமாக, கடைசிச் சொட்டு வரை குடித்தார். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தார். மறுபடி வெங்காயம் உரிக்க உட்கார்ந்தார்.

அங்கமுத்து காத்திருந்தார். வேறு எதுவும் வரவில்லை. உண்மையில் அவருக்கு டீ வேண்டியிருந்தது. காலையிலிருந்து ஒரு வாய்கூட உள்ளே போகவில்லை.

பஸ்ஸில் இதையே யோசித்துக்கொண்டு போய், இறங்கவேண்டிய நிறுத்தத்தைத் தாண்டி இரண்டு நிறுத்தம் தள்ளி இறங்கினார். குரு என்ன சொன்னார்? பயணத்தைக் கைவிடு என்றா? டீயைக் குறை என்றா? ஒருவேளை அந்த அம்மாவுக்கு நிஜமாகவே தாகமாக இருந்ததா? வெயிலில் திரும்பி நடந்து வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் அவருக்கு ஒன்று பிடிபட்டுவிட்டது. பிடிபட்டதாக அவர் நினைத்தார்.

கடைசிச் சொட்டு வரை. அதுதான் விஷயம். பதினைந்து நிமிடம் போதாது.

இரண்டு நாள் உட்கார்ந்து புது சார்ட் போட்டார். கோயிலை எடுத்தார். டீக்கு மூன்று மணி நேரம், ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை. புதன்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததும் தையல்நாயகியிடம் காட்டினார்.

தையல்நாயகி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"மூணு மணி நேரம் டீக்கடையில என்ன பண்றது?"

"அதையும் போட்டிருக்கேன் பாரு. கீழ பச்சை மையில."

தையல்நாயகி பச்சை மையைப் படித்தார். '9.00 – 9.20: முதல் சுற்று. தை. குடிப்பாள். நான் படம் எடுப்பேன். 9.20 – 10.00: பேச்சு. தை. பேசவேண்டியவை: முழங்கால், மகள், மாடி வீட்டுக்காரர்கள். நான் கேட்பேன். 10.00 – 10.20: இரண்டாம் சுற்று.'

அந்த அம்மாள் சிரிக்க ஆரம்பித்தார். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். அங்கமுத்துவும் கூடச் சிரித்தார், அப்பாடா என்று. கொஞ்ச நேரம் கழித்துத்தான் அது சிரிப்பு இல்லை என்று தெரிந்தது. என்ன என்று கேட்பதற்குள் தையல்நாயகி எழுந்து உள்ளே போய்விட்டார்.

வியாழன் காலை அங்கமுத்து பொன்மலையில் இருந்தார். குரு வெளியே குழாயடியில் துணி அலசிக்கொண்டிருந்தார்.

"அழுதுட்டாம்மா."

குரு ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு சார்ட்டை வாங்கினார். பச்சை மையை இரண்டு தடவை படித்தார். சிரிக்கவில்லை.

"பாலம் யாருக்கு?" என்று கேட்டார்.

"அவளுக்குத்தான். ஆறுன்னா அவளுக்கு உசிரு."

"மரச்சிற்பம்?"

"அவளுக்கு. கோலம், வேலைப்பாடு, இதெல்லாம் ரசிப்பா."

"லிஃப்ட்?"

"அவ முழங்காலுக்கு."

"அட்டை?"

"அவதானே சைவம். நான் எதுவும் சாப்பிடுவேன்."

"உங்களுக்கு என்ன?"

"எனக்கா?"

"சாவ்சோவுல நீங்க என்ன பாக்கணும்?"

அங்கமுத்து சார்ட்டைப் பார்த்தார். மேலிருந்து கீழே பார்த்தார். பிறகு கீழிருந்து மேலே பார்த்தார். நாலு நாளும் நிமிடம் நிமிடமாக அதில் இருந்தது. அவர் தேடியது மட்டும் இல்லை. அவருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"எல்லாம் அவளுக்காகத்தானேம்மா பண்றேன். அது ஒரு குத்தமா?"

"குத்தம்னு யாரு சொன்னா? என்ன பாக்கணும்னுதானே கேட்டேன்."

"தெரியலம்மா."

"இதை வீட்டுல சொன்னீங்களா?"

"எதை?"

"தெரியலங்கறதை."

"அதைப் போய் எப்படிம்மா சொல்றது? இத்தனை வருஷத்துல அவ எதைக் கேட்டாலும் பதில் சொல்லித்தான் எனக்குப் பழக்கம்."

குரு துணியை எடுத்து உதறிக் கொடியில் போட்டார். அங்கமுத்து மேல் நாலு சொட்டு தெறித்தது. இன்னும் ஏதாவது சொல்வார் என்று நின்று பார்த்தார். குரு அடுத்த துணியை எடுத்தார்.

வீட்டுக்கு வந்த அங்கமுத்துவுக்கு ஒன்றும் ஓடவில்லை. சார்ட்டைப் பீரோ மேல் போட்டார். மறுபடி எடுத்தார். மறுபடி போட்டார். சாயங்காலம் தையல்நாயகி அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது எதிரே போய் நின்றார்.

"என்னங்க?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லன்னா ஏன் மறைச்சுக்கிட்டு நிக்கறீங்க, வெளிச்சம் விழல பாருங்க."

அங்கமுத்து தள்ளி நின்றார். தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"தையலு, அங்க போய் எனக்கு என்ன பாக்கணும்னு தெரியல."

கத்தி நின்றது.

"பாலம் பாக்கணும்னீங்களே."

"அது உனக்கு. எனக்கு என்ன வேணும்னு யோசிச்சுப் பாத்தேன். ஒண்ணும் தோணல. அந்த டீ எப்படி இருக்கும்னுகூட எனக்குத் தெரியாது."

"கசக்கும்னாங்க."

"கசந்தா என்ன பண்றது?"

"தெரியலையே."

அங்கமுத்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். அவருக்கு வெட்கமாக இருந்தது. பரீட்சையில் ஒன்றும் எழுதாமல் காகிதத்தைக் கொடுத்துவிட்டு வந்தவர் போல நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார்.

தையல்நாயகி கையைத் துடைத்துக்கொண்டார். பிரிட்ஜ் மேலிருந்த பாரத்தை எடுத்துவந்து, எங்கே கையெழுத்து என்று கேட்டார். அவர் காட்டிய இடத்தில் போட்டார். போட்டுவிட்டுப் பேனாவை மூடாமல் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார்.

"நீங்க என்னை வண்டி ஏத்தி அனுப்பத்தான் போறீங்க, கூட வரலன்னு நெனச்சேங்க" என்றார்.

அங்கமுத்துவுக்குப் புரியவில்லை. விமானத்தில் இரண்டு இருக்கைகள் அல்லவா போட்டிருக்கிறார், அடுத்தடுத்து, அதுவும் ஜன்னல் ஓரம். அதைச் சொல்ல வாயெடுத்தார். தையல்நாயகி முகத்தைப் பார்த்ததும் சொல்லாமல் விட்டுவிட்டார். ஏன் விட்டார் என்பதும் அவருக்குத் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை, டிராவல்ஸ்காரர் வருவதற்கு முன்னால் ஒரு நடை பொன்மலைக்குப் போனார்.

"கையெழுத்துப் போட்டுட்டாம்மா."

"நல்லது."

"சார்ட்டைத் திரும்பிக்கூடப் பாக்கல. காலையில கேட்டேன், அங்க போய் என்னதான் பண்ணலாம்னு. தெரியலங்கறா. சிரிச்சுக்கிட்டே சொல்றா. எனக்கும் தெரியல, அவளுக்கும் தெரியல. பாஷை வேற தெரியாது. இப்படி ரெண்டு பேருமே ஒண்ணும் தெரியாமப் போனா எப்படிம்மா?"

குரு அவரை ஒரு கணம் பார்த்தார்.

"அப்போ சேர்ந்துதான் போறீங்க, கன்ட்ரோலர் ஐயா."