தவளையின் கழுத்தில் சிவப்புத் துணி

"மறுபடியும் கட்டிவிட்டார்கள், டீச்சர்" என்றார் தொகுஜி.

மினோபே ஒரு வெண்கல நீர்யானையின் வயிற்றுக்கு மெழுகு போட்டுக்கொண்டிருந்தார். அந்த ஊர்ப் பூங்காக்களில் நிற்கும் குண்டு யானைகளும் தூங்குமூஞ்சிக் கரடிகளும் அந்த அம்மாள் செய்தவை.

தொகுஜி அவரைவிடப் பத்து வயது மூத்தவர். கப்பல் பட்டறையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு சிலை செய்யக் கற்க வந்தவர். இதுவரை செய்தது ஒன்றுதான். பேருந்து நிறுத்தத்தில் குடை பிடித்து உட்கார்ந்திருக்கும் தவளை.

"சிவப்புத் துணியா?"

"ஆமாம். கழுத்தில். இது ஏழாவது தடவை."

"தவளைக்குச் சளி பிடிக்கும் என்று பயந்திருப்பார்கள்."

"கேலி செய்யாதீர்கள். பார்க்கிறவர்கள் சிரிக்கவேண்டும் என்று செய்தேன். கோயில் ஜிஸோவுக்குக் கட்டுவதைக் கொண்டுவந்து இதற்குக் கட்டினால் யார் சிரிப்பார்கள்?"

குழந்தையைப் பறிகொடுத்தவர்கள், குழந்தைகளைக் காக்கும் தெய்வமான ஜிஸோவின் சிலைக் கழுத்தில் சிவப்புத் துணி கட்டுவது அங்கே வழக்கம்.

"கழற்றிய துணிகள் எங்கே?"

"குப்பையில்."

மினோபே மெழுகு போடுவதை நிறுத்தினார்.

"ஒருநாள் தவளை பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்."

புதன்கிழமை தூறலில் தொகுஜி போய் உட்கார்ந்தார். காய்கறிப் பையோடு ஒரு பெண் வந்தாள். தவளையின் வெறுங்கழுத்தைத் தடவிப் பார்த்தாள். பையிலிருந்து சிவப்புத் துணியை எடுத்துக் கட்டினாள்.

"கோயிலில் ஜிஸோ இருக்கிறாரே, அம்மா?"

"அங்கே என் மகளுக்கு யாரையும் தெரியாது. பள்ளிக்கூட பஸ் வரும்வரை இதனோடுதான் பேசிக்கொண்டிருப்பாள். அப்படிச் சிரிப்பாள்."

தொகுஜி துணியின் முடிச்சைப் பார்த்தார்.

"யாரோ கழற்றிவிடுகிறார்கள் போலிருக்கிறதே."

"யாரோ இல்லை, ஐயா. அவள்தான்." அந்தப் பெண் முடிச்சைச் சரிசெய்தாள். "அவளுடைய கவுனை எட்டுத் துண்டாக வெட்டினேன். ஏழு போய்ச் சேர்ந்துவிட்டது. இதுதான் கடைசி. இதையும் எடுத்துக்கொண்டாள் என்றால் முழுசாகிவிடும்."

பேருந்து வந்தது. தவளைக்குத் தலைகுனிந்து வணங்கிவிட்டு ஏறிக்கொண்டாள்.

தொகுஜி நனைந்தபடியே மினோபேயின் பட்டறைக்கு வந்தார். நடந்ததைச் சொன்னார்.

"ஏழையும் நான்தான் எறிந்தேன், டீச்சர். போய் உண்மையைச் சொல்லிவிடட்டுமா?"

மினோபே அலமாரியிலிருந்து ஒரு மரப்பெட்டியை எடுத்தார். அதிலிருந்த ஆணிகளைக் கொட்டினார். உள்ளே சுத்தமாகத் துடைத்து அவரிடம் நீட்டினார்.

"வழக்கம்போல நாளைக்குக் கழற்றி, இதில் வையுங்கள்."

தொகுஜி இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார்.

எட்டுத் துண்டும் கொள்ளும் பெட்டி. வைக்க மிஞ்சியிருந்தது ஒன்றுதான்.