பிழை காட்டாத டேபிள்

ஓர் ஆஸ்பத்திரியின் உணவுப் பிரிவில் ஒரு குருவும் ஒரு சீடரும் இருந்தார்கள். சீடர் குலசேகரன் ஓய்வுபெறும் வயதை நெருங்கிக்கொண்டிருந்தார். குரு மெஹருன் அவருடைய மகளைவிடச் சின்னவள். கணினி கற்றுக்கொடுத்தவள் என்பதால் அவர் அவளை டீச்சர் என்றே கூப்பிட்டார்.

எந்த நோயாளிக்கு என்ன சாப்பாடு என்று குலசேகரன் தன் கணினியில், டேபிள் எனும் அட்டவணையில் பதிவார். அது லிங்க் எனும் இணைப்பு வழியாக, எல்லாருக்கும் பொதுவான சர்வர் கணினிக்குப் போய், சமையலறைத் திரையில் தெரியும்.

ஒரு நாள் காலை சமையலறையிலிருந்து பேச்சித்தாய் போன் செய்தாள்.

"அண்ணாச்சி, இன்னைக்கும் புதுசா ஒரு பேருகூட வரல. உப்பில்லாத சாப்பாடு யார் யாருக்கு? நேத்து ஒருத்தருக்கு உப்பு சாம்பார் போயி, காலு வீங்கிக் கிடக்காரு."

"பதிஞ்சிருக்கேன்மா. என் ஸ்கிரீன்ல இருக்கு."

"அப்போ உங்க ஸ்கிரீனைத் தூக்கி அடுப்புல வைக்கட்டுமா? நாளைக்கும் இப்படின்னா உங்களை வாசல்ல டோக்கன் கிழிக்க அனுப்பிருவாங்க, பாத்துக்கோங்க."

குலசேகரன் மெஹருனிடம் வந்தார்.

"டேபிளோட லிங்க்கை அழிச்சிட்டு மறுபடி போட்டேன், டீச்சர். ஒரு எரரும் வரல. டேபிள் திறக்குது. பதிஞ்சதெல்லாம் இருக்கு. ஆனா அங்க இல்ல. எப்படி?"

மெஹருன் சமையலறைக்குப் போன் போட்டு, அதை அவரிடம் நீட்டினாள்.

"மொதல்ல உப்பில்லாத பேரையெல்லாம் வாசிச்சுக் காட்டுங்க."

அவர் வாசித்தார். மறுமுனையில் பேச்சித்தாய் எழுதிக்கொண்டாள்.

"இப்போ சொல்லுங்க. லிங்க் போடும்போது எந்த சர்வரைத் தேர்ந்தெடுத்தீங்க?"

"எப்பவும் எடுக்கறதைத்தான். மேல மொதல்ல இருக்குமே, அது."

"போன வாரம் சமையலறையையும் சேர்த்து எல்லாரையும் புது சர்வருக்கு மாத்தினோமே."

"தெரியும் டீச்சர். அதனாலதானே பழைய லிங்க்கை அழிச்சிட்டுப் புது லிங்க் போட்டேன்."

மெஹருன் எழுந்தாள். அவரும் பின்னால் போனார்.

மாடிப்படிக்குக் கீழே ஒரு சின்ன அறை. அங்கே பழைய சர்வர் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. பழைய பதிவுகளைப் பார்க்க உதவும் என்று யாரோ அணைக்காமல் விட்டிருந்தார்கள். மெஹருன் அதன் திரையைத் திறந்து காட்டினாள். அந்த வாரம் குலசேகரன் பதிந்த பெயர்கள் அத்தனையும் அதில் இருந்தன.

அவர் முகம் மலர்ந்தது. "பாத்தீங்களா? நான் ஒழுங்காத்தான் பதிஞ்சிருக்கேன்."

பிறகு குழம்பினார். "அப்போ அவங்களுக்கு ஏன் தெரியல?"

மெஹருன் அந்தப் பதிவுகளை நகல் எடுத்துக்கொண்டு, பழைய சர்வரை முறைப்படி அணைத்தாள். விசிறிச் சத்தம் நின்றது.

"இப்போ போய் டேபிளைத் திறங்க."

இருவரும் அவர் மேஜைக்கு வந்தார்கள். டேபிள் திறக்கவில்லை. கணினி வெகுநேரம் தடுமாறிவிட்டு, சர்வரோடு இணைக்க முடியவில்லை என்று செய்தி காட்டியது.

குலசேகரன் நாற்காலியில் சாய்ந்தார்.

"என்ன டீச்சர் இப்படிப் பண்ணிட்டீங்க? இவ்வளவு நாளும் நல்லாத்தானே வேலை செஞ்சுது?"

மெஹருன் போனை மறுபடியும் அவர் பக்கம் நகர்த்தினாள்.

"நல்லா வேலை செஞ்சுதா இல்லையான்னு பேச்சித்தாய்கிட்ட கேளுங்க, அண்ணாச்சி."