நீல விளக்கின் ஒற்றைக் கால்

பொருள்கள் வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்த காலம் ஒன்று உண்டு. ரொம்பப் பழைய காலம் என்று நினைத்துவிடாதீர்கள். போன தை மாதம்தான்.

அந்தத் தை மாதத்தில் போத்தனூரில் மெர்சி அக்கா என்றொரு அம்மாள், கிட்டாரின் சத்தத்தைக் கூட்டிக் கொடுக்கும் ஆம்ப்ளிஃபயர் பெட்டிகளைக் கையாலேயே செய்து விற்றுக்கொண்டிருந்தாள். மூன்று மாதத்துக்கு ஒரு பெட்டி. பெட்டிக்கு ஒரே ஒரு வால்வு. அது சுண்டுவிரல் உயரக் கண்ணாடிக் குப்பி. உள்ளே இருக்கும் கம்பி ஆரஞ்சு நிறத்தில் பழுத்தால்தான் பெட்டிக்குத் தொண்டை திறக்கும்.

ஒரு பெட்டியை ரூபன் வாங்கினான். கல்யாண வீடுகளில் கிட்டார் வாசிக்கிறவன். பெட்டியைத் தட்டிப் பார்த்தான், தூக்கிப் பார்த்தான், முகர்ந்துகூடப் பார்த்தான்.

மெர்சி அக்கா சொன்னாள்: "தம்பி, இதுல கை வைக்காதீங்கன்னு சொன்னா நீங்க கேக்கப் போறதில்லை. அதனால உங்க இஷ்டம் போல மாத்திக்குங்க. ஒண்ணே ஒண்ணு. சத்தம் வரலேன்னா மொதல்ல வால்வு எரியுதான்னு பாருங்க."

ரூபன் இரண்டு பேச்சையும் அப்படியே கடைப்பிடித்தான். வினையே அதில்தான் வந்தது.

வீட்டுக்கு வந்ததும் பெட்டிக்குக் குங்கும நிற ரெக்ஸின் ஒட்டினான். நாலு மூலைக்கும் பித்தளைக் காப்பு போட்டான். பழைய ரேடியோவிலிருந்து யானைத் தந்த நிறத்தில் இரண்டு குமிழ் கழற்றி வந்து மாட்டினான். பெட்டிக்கே வெட்கமாகிவிட்டது. "எனக்கா கல்யாணம்?" என்று அது ஸ்பீக்கரைக் கேட்டது.

கடைசியில் ஒரு குறை கண்டுபிடித்தான். வால்வு எரிகிற வெளிச்சம் வெளியே தெரியவில்லை. உடனே பெட்டியின் முன்பக்கம் சின்னதாக ஒரு ஜன்னல் வெட்டி, வால்வின் காலடியில் கடுகு போல ஒரு நீல விளக்கை, ஈயத்தை உருக்கிச் சால்டர் வைத்து நிறுத்தினான்.

நீல விளக்குக்கு இரண்டு கம்பிக் கால். கண் திறந்தால் உலகமே நீலம். சுவிட்சைப் போட்ட கணமே பளிச்சென்று எரிந்தது. வால்வோ கொட்டாவி விட்டு, சோம்பல் முறித்து, அரை நிமிஷம் கழித்துத்தான் கண் விழித்தது.

"தினமும் இப்படித்தானா?" என்று நீல விளக்கு கேட்டது.

"அதுக்குப் பேரே கும்பகர்ணன்" என்றது ஸ்பீக்கர். ஸ்பீக்கருக்கு எட்டு அங்குல வாய்.

"வேலைக்காரன் உடம்பு, மெதுவாத்தான் சூடேறும்" என்றது வால்வு. "தம்பி, உனக்கென்ன வேலை?"

நீல விளக்கு யோசித்தது. யாரும் அதற்கு வேலை ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. ஆனால் ரூபனைப் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் ஜன்னலுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, "அடேங்கப்பா, வால்வு என்னமா எரியுது!" என்று வாயைப் பிளந்தார்கள். நாலு பேர் அப்படிச் சொன்னதும் நீல விளக்குக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"என் வேலையா? பாடுறதுதான்" என்றது.

ஸ்பீக்கர் சிரித்த சிரிப்பில் ரெக்ஸின் அதிர்ந்தது. அடியில் உட்கார்ந்திருந்த டிரான்ஸ்ஃபார்மர் மட்டும் சிரிக்கவில்லை. அதன் கனத்துக்கு அதை எதனாலும் அவ்வளவு சுலபமாக அசைக்க முடியாது. "விடுங்கடா, புதுசு" என்றது.

அந்த வாரமே ரூபனுக்கு ஒரு வாய்ப்பு வந்தது. மெல்லிசைக் குழு நடத்தும் மணிவாசகம் கூப்பிட்டு அனுப்பினார். "ஞாயித்துக்கெழமை சுந்தராபுரத்துல ஒரு வரவேற்பு. வந்து வாசி கண்ணு. காதுக்குப் புடிச்சுதுன்னா இனி எல்லாக் கச்சேரிக்கும் நீதான்."

பக்கத்தில் கீபோர்டுக்காரன் தயாளன் நின்றிருந்தான். "எதுக்குண்ணே கிட்டாருக்குன்னு தனியா ஒரு ஆளு? அந்தச் சத்தமும் என்ற பொட்டியிலயே இருக்குதே" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை மாலை ரூபன் பெட்டியை மொபெட்டின் முன்னால் கால்களுக்கு நடுவே நிறுத்திக்கொண்டு கிளம்பினான். போத்தனூரிலிருந்து சுந்தராபுரம் போவதற்குள் பதினேழு வேகத்தடை. பதினாறு வரைக்கும் வால்வு பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தது. பதினேழாவதில் தன் குழியிலிருந்து துள்ளி, கால் பங்கு மேலே வந்து, அப்படியே சாய்ந்து நின்றுவிட்டது.

மண்டபத்தில் மாப்பிள்ளையும் பெண்ணும் மேடையேறிவிட்டார்கள். ரூபன் சுவிட்சைப் போட்டான். நீல விளக்கு பளிச்சென்று எரிந்தது. அரை நிமிஷம் ஆயிற்று, ஒரு நிமிஷம் ஆயிற்று. ரூபன் தந்தியை மீட்டினான். பெட்டி வாயைத் திறக்கவில்லை.

ரூபனுக்கு மெர்சி அக்கா சொன்னது ஞாபகம் வந்தது. குனிந்து ஜன்னலைப் பார்த்தான். அவசரத்தில் நீல வெளிச்சமே வால்வின் வெளிச்சமாகத் தெரிந்தது. "வால்வு ஜம்முனு எரியுதே!" என்றான்.

வயரை மாற்றினான். பிளக்கை வேறு இடத்தில் சொருகினான். கிட்டாரைத் திருப்பிப் பிடித்து உலுக்கினான். "நான் என்னய்யா பண்ணினேன்?" என்றது கிட்டார்.

"என்ன ப்ரோ, ஊமைப் படமா?" என்று தயாளன் கேட்டான்.

மணிவாசகம் மைக்கைக் கையால் மூடிக்கொண்டு சொன்னார்: "ஏப்பா ரூபா, இந்தப் பாட்டு முடியற வரைக்கும் பாக்கறேன். அடுத்தது கிட்டார்லதான் ஆரம்பிக்குது. நீ இல்லேன்னா தயாளன் வாசிச்சுக்கட்டும்."

பெட்டிக்குள் ஒரே கூச்சல்.

"எனக்கு மேலேயிருந்து ஒண்ணும் வரலை!" என்றது ஸ்பீக்கர்.

"நான் கரன்ட் அனுப்பிக்கிட்டுத்தான் இருக்கேன். வால்வோட வாசல் வரைக்கும் போயி நிக்குது" என்றது டிரான்ஸ்ஃபார்மர். "எவனாச்சும் அவனை உள்ளே தள்ளுங்கடா!"

யாருக்கும் கை இல்லை. வால்வோ சாய்ந்தபடி குளிர்ந்துபோய்த் தூங்கியது.

எல்லாரும் நீல விளக்கைப் பார்த்தார்கள்.

"ஏய், நீதான் பாடுறவனாச்சே. பாடேன் பார்ப்போம்" என்றது ஸ்பீக்கர்.

நீல விளக்கு தம் கட்டியது. இன்னும் கொஞ்சம் பளிச்சென்று எரிந்தது. அவ்வளவுதான் முடிந்தது. வெளியே ஒரு குழந்தை, "அம்மா, லைட்டு!" என்று கை தட்டியது. ரூபனின் நெற்றி வேர்வை ஜன்னல் கண்ணாடியில் சொட்டியது. அவன் இன்னும் நீல விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தான். அதை நம்பிக்கொண்டிருந்தான்.

டிரான்ஸ்ஃபார்மர் மெதுவாகச் சொன்னது: "அவன் கண்ணுக்கு உன்னைத் தவிர ஒண்ணும் தெரியலை தம்பி."

"நான் அணைஞ்சா என்னைப் புடுங்கிப் போட்டுருவானே!"

"போடலாம்" என்றது டிரான்ஸ்ஃபார்மர். அதற்குப் பொய் சொல்லத் தெரியாது.

பாட்டு கடைசிச் சரணத்துக்கு வந்துவிட்டது. தயாளன் விரல்களைச் சொடுக்கிக்கொண்டான். நீல விளக்கு ஒருமுறை அந்தக் குழந்தையைப் பார்த்தது. பிறகு கண்ணை இறுக மூடிக்கொண்டு, சால்டரிலிருந்து ஒரு காலை வெடுக்கென்று உருவிக்கொண்டது.

சால்டர் சரியாகப் பிடித்திருக்காது என்பீர்கள். ரூபனும் அப்படித்தான் இன்றுவரை சொல்லித் திரிகிறான். எனக்குத் தெரியும், அது உருவிக்கொண்டதுதான்.

ஜன்னல் இருண்டது. "ஐயோ, வால்வு அணைஞ்சு போச்சு!" என்று ரூபன் சுவிட்சை நிறுத்திவிட்டுப் பெட்டியின் பின்பக்கம் கையை விட்டான். சில்லென்று சாய்ந்து கிடந்த வால்வு விரலில் தட்டியது. நேராக நிமிர்த்தி, கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்தி, மறுபடி சுவிட்சைப் போட்டான்.

வால்வு கொட்டாவி விட்டது. "கல்யாண வீடு வந்துருச்சா?" என்றது.

"சீக்கிரம் பழுடா கும்பகர்ணா!" என்று ஸ்பீக்கர் கத்தியது. முதல் அட்சரத்தைக் கத்தும்போது அதற்கே சத்தமில்லை. கடைசி அட்சரம் மண்டபத்தையே அதிர வைத்தது. அந்த அதிர்வின் மேலேயே ஏறி உட்கார்ந்து ரூபன் அடுத்த பாட்டை ஆரம்பித்தான். மாப்பிள்ளை மேடையிலேயே தோளைக் குலுக்கினார். பெண் அதைவிட நன்றாகக் குலுக்கினாள். மணிவாசகம் தயாளனிடம், "இந்தச் சத்தம் உன்ற பொட்டியில இருக்குதா?" என்று கேட்டார். தயாளன் தன் கீபோர்டின் சத்தத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டான்.

மறுநாள் ரூபன் நீல விளக்கைச் சரி செய்யச் சால்டர் கம்பியைச் சூடேற்றினான். அதற்குள் போன் வந்தது, அடுத்த கல்யாணம். அப்புறம் இன்னொன்று. சரி செய்யவும் இல்லை, பிடுங்கிப் போடவும் இல்லை. வால்வின் காலடிக் கதகதப்பில், ஒற்றைக் காலில், அது சுகமாகச் சாய்ந்து நின்றது.

போன வாரம் ரூபன் பெட்டியில் புதிதாக ஒரு குமிழை மாட்டினான். அது உள்ளே எட்டிப் பார்த்து, "யாரு அந்த நொண்டி? எரியவும் மாட்டேங்குது. அதுக்கு இங்கே என்ன வேலை?" என்று கேட்டது.

ஸ்பீக்கர் முந்திக்கொண்டது. "மரியாதையாப் பேசு. அன்னிக்குக் கல்யாணத்துல எங்களை எல்லாம் பாட வெச்சது அதுதான்."

"எரியாத விளக்கா? எப்படி?"

"அணைஞ்சுதான்" என்றது வால்வு.