ஏழு தவிட்டுக்குருவிகளும் காவல் கிளையும்

காட்டுக் குளத்தங்கரையில் ஏழு தவிட்டுக்குருவிகள் சருகைக் கிளறிப் பூச்சி பொறுக்கித் தின்று வந்தன. ஆறு குருவிகள் கீழே மேயும்போது ஒன்று மேலே கிளையில் காவல் இருக்கும். வல்லூறு தெரிந்தால் காவல் குருவி கத்தும். எல்லாம் புதருக்குள் பாய்ந்துவிடும். பிறகு காவல் முறை அடுத்த குருவிக்குப் போகும்.

அன்று முறை கிச்சிக்கு. முந்தின நாள் மழையில் நனைந்த புற்றிலிருந்து ஈசல் பொலபொலவென்று வந்துகொண்டிருந்தது. மேலே இருந்த கிச்சிக்கு நாக்கில் எச்சில் ஊறியது.

"நீங்க மொக்குவீங்க, நான் வேடிக்கை பாக்கணுமா?" என்று சிடுசிடுத்தாள். "ஆளுக்கு ரெண்டு கண்ணு இருக்குல்ல? அவங்கவங்களை அவங்கவங்க பாத்துக்கலாம். காவலே வேண்டாம்."

"கிணி சின்னவ. அவளுக்கு வல்லூறுன்னா என்னன்னே தெரியாதே," என்றார் மூத்தவர் பூணன். கிணி கிச்சியின் தங்கை. பறக்கப் பழகி நாலு நாள்தான் ஆகியிருந்தது.

"தானா கத்துக்குவா, மாமா," என்று கிச்சி கீழே குதித்தாள். ஈசலை விட்டுவிட்டுக் கிளைக்குப் போக மற்றவர்களுக்கும் மனம் வரவில்லை. பூணனும் தின்னத் தொடங்கினார்.

வாய் நிறைய ஈசலோடு கிச்சி ஒருமுறை நிமிர்ந்தாள். மருத மரத்துக்கு மேலிருந்து வல்லூறு சிறகை மடக்கி இறங்கிக்கொண்டிருந்தது! ஒரே தாவலில் புதருக்குள் போய் ஒடுங்கினாள். தன் கண்ணே தன்னைக் காப்பாற்றியதில் கொஞ்சம் பெருமையாக இருந்தது.

புதருக்குள் எண்ணிப் பார்த்தாள். அவளோடு சேர்த்து ஆறு பேர்தான்.

வெளியே கீச்சென்று ஒரு சின்னக் குரல் கேட்டது. வல்லூறு கிணியைக் காலில் இடுக்கிக்கொண்டு குளத்தைத் தாண்டிப் போய்விட்டது.

"யாருமே அதைப் பாக்கலியா?" என்று கிச்சி கதறினாள்.

"நான் பாத்தேன்," என்றது ஒரு குருவி.

"நானும் பாத்தேன். பாத்ததும் ஓடியாந்துட்டேன்."

ஐந்து பேரும் அதையே சொன்னார்கள். கடைசியில் பூணன் மெல்லக் கேட்டார்: "நீ பாக்கலியா, கிச்சி?"

அவளும்தான் பார்த்திருந்தாள். ஆறு பேர் பார்த்திருக்கிறார்கள்; கிணிக்குக் குரல் கொடுக்க ஒருவர்கூட இல்லை. அக்காவும் இல்லை.

அவரவரை அவரவர் மட்டும் காத்துக்கொண்டால் கூட்டத்தில் இருந்தும் அனாதைதான். ஒருவரை ஒருவர் காப்பவர்களுக்கே கூட்டம் துணை.